கம்பெனிப் பாட்டுக்கு அடியில் தமிழ்ச்செல்வி

விளாங்குடியில் அருள்பாண்டி வீடு எது என்று கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். "வாசல்ல கொழாயக் கவுத்துப் போட்டிருக்கும் பாருங்க, அந்த வீடு" என்பார்கள். குழாய் என்றால் கூம்பு ஸ்பீக்கர். அருள்பாண்டி மைக்செட்காரர். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிற அந்த வீட்டுக்குள் சத்தமே கிடையாது. மனைவி தமிழ்ச்செல்வி மஞ்சள் காமாலையில் போனதிலிருந்து, குக்கர் விசிலை விட்டால் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. பிள்ளையும் இல்லை. சமைப்பார், தின்பார், ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார்.

மைக்செட்காரர் என்றால் பாட்டுப் போடுகிறவர் என்று நினைத்துக்கொள்கிறோம். பாட்டை எவன்தான் போட மாட்டான். விசேஷ வீட்டில் பாட்டு நிற்காமல் பார்த்துக்கொள்கிறவன்தான் மைக்செட்காரன். மதுரைக்கு மேற்கே, தெற்கே எந்த ஊர் விசேஷத்திலும் பாட்டு பொசுக்கென்று நின்றுபோனால் பந்தியில் இருக்கிறவர்கள் கையை உதறிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். யாருக்கும் என்னமும் ஆகிப்போச்சா என்று கேட்டுவிடுவார்கள். நல்லது நடக்கிற இடத்தில் அப்படி ஒரு வார்த்தை வரலாமா. அதனால் மொய் வாசித்தாலும் சரி, காணாமல்போன பிள்ளையை அறிவித்தாலும் சரி, பாட்டைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. அருள்பாண்டி தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதை விரதம் மாதிரிக் காத்து வந்தவர்.

அவருடைய தங்கை நாகஜோதியை டி. கல்லுப்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. தமிழ்ச்செல்வி உயிரோடு இருந்தபோது நாகஜோதியின் மகளுக்குக் குலசாமி கோயிலில் வைத்துக் காது குத்தினார்கள். மைக்செட்டும் அருள்பாண்டியுடையது, தாய்மாமனும் அவரே. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். மடியில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு கையில் மைக்கையும் ஒருத்தரே எப்படிப் பிடிப்பது? மைக்கைத் தமிழ்ச்செல்வியிடம் கொடுத்துவிட்டார்.

"பாட்ட மட்டும் நிப்பாட்டிராத. கொறச்சுக்க, அம்புட்டுத்தான்."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் தமிழ்ச்செல்வி. இத்தனை வருஷம் ஒரு மைக்செட்காரரோடு குடும்பம் நடத்தியவள்.

தாய்மாமன் பெருமை பாடுகிற ஒரு சினிமாப் பாட்டு அப்போது எல்லா விசேஷத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் தணித்துவிட்டு அவள் சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாக அறிவித்தாள். "தாய்மாமன் அருள்பாண்டி, அத்தை தமிழ்ச்செல்வி கொண்டுவந்த சீரு" என்று தன் பெயரைத் தானே சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, மைக் கையில் இருப்பதை மறந்தாளோ, மறக்கவில்லையோ, கோயில் பொட்டல் முழுக்கக் கேட்கும்படி புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, கொஞ்சம் குனிஞ்சுக்கங்க. புள்ள மொகத்துல வெயிலடிக்குது. ஆங், அப்பிடித்தான். இப்பத்தான் உங்க மடி நல்லாருக்கு."

கூட்டம் சிரித்தது. அருள்பாண்டி சிரிக்கவில்லை, குனிந்தே இருந்தார். பிள்ளைக்காகக் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் ஏறி இறங்கிய இரண்டு பேருக்குத்தான் அந்தக் கடைசி வார்த்தையின் அர்த்தம் தெரியும்.

வீடியோ எடுத்தது ஹரிராம். சிம்மக்கல்லில் வீடியோ மிக்சிங் கடை வைத்திருக்கிற சௌராஷ்டிரக்காரர், அருள்பாண்டிக்குப் பழைய சிநேகிதர். எடுத்ததை அப்படியே நெட்டில் அருள்பாண்டியின் சேனலில் ஏற்றிவிட்டார். நம் செட் எப்படிக் கட்டியிருக்கிறது என்று நாலு பேர் பார்த்தால் நாலு விசேஷம் வரும், அதற்காகத்தான் அந்தச் சேனலே. நாகஜோதி வீட்டுக்கும் அந்த லிங்க்கைத்தான் அனுப்பினார். கேமரா கார்டில் இருந்ததை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோனார். "நெட்டுல இருக்குல்ல, அது எங்க போகப்போவுது" என்றார். இதே வார்த்தையை நம்பித்தான் பாதி ஊர் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்ச்செல்வி போன பிறகு அருள்பாண்டிக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஊரார் குரலையெல்லாம் பெரிசாக்கிக் கொடுத்த மனுஷன், சொந்தப் பெண்டாட்டி குரலை ஒரு இடத்திலும் பிடித்து வைக்கவில்லை. அவள் வைத்திருந்தது பட்டன் போன். சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். காதுகுத்தில் அவர்கள் போனில் எடுத்ததெல்லாம் பந்தியும் மொட்டையும் செல்ஃபியும்தான். அந்த வீடியோ ஒன்றுதான் மிச்சம். சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, அந்த இடத்துக்கு நகர்த்தி ஓடவிடுவார். "ஏங்க, கொஞ்சம் குனிஞ்சுக்கங்க" என்று அவள் சொல்வாள். சில நாள் நிஜமாகவே குனிந்துவிடுவார். வெட்கமாக இருக்கும், பார்க்கத்தான் ஆள் இல்லையே.

போன தைக்குப் பிறகு ஒரு நாள் செம்பில் சாய்த்த போனில் கறுப்புத் திரைதான் வந்தது. நெட்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்து, சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய் ரீசார்ஜ் செய்துகொண்டு வந்தார். அப்போதும் கறுப்புத்தான். மறுநாள் காலையில் சிம்மக்கல்லுக்கு பஸ் ஏறினார்.

ஹரிராம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "பாட்டுக் கம்பெனிக்காரன் புகார் பண்ணியிருக்கான், அருளு. பின்னாடி ஓடுற பாட்டு அவனோடதாம். சேனலையே தூக்கிட்டாங்க."

"பாட்டு அவனோடதுதாண்ணே. யாரு இல்லேன்னா. அத மட்டும் எடுத்துக்கிறட்டும். பேச்ச விட்டுரச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணா ஏறியிருக்கே. பாட்ட உருவுனா பேச்சும் கூடவே வந்துரும்."

அருள்பாண்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாட்டை நிப்பாட்டிராதே என்று அவளிடம் சொன்னதே அவர்தானே. அன்றைக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பாட்டு நின்றிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று திரும்பத் திரும்பத் தன்னையே கேட்டுக்கொண்டார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பாட்டின் மெட்டு ஒன்றும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. கல்லுப்பட்டிப் பக்கம் பொங்கலுக்குப் பெண்கள் அடிக்கிற கும்மியின் மெட்டு அது. நாகஜோதியின் மாமியார் ராமக்காள் பாட்டை முதல் தடவை கேட்டதுமே, இது எங்க கும்மியாச்சே என்றாள். கும்மியடித்தவர்கள் யாரும் யாருக்கும் நோட்டீஸ் விடவில்லை. எடுத்துக்கொண்டு போனவன் விடுகிறான். கேட்பதற்கு ஆள் இல்லை என்றால் எல்லாம் அவன் சொத்துதான்.

நோட்டீஸும் வந்தது. சென்னை வக்கீல் அனுப்பியது. அதைப் படித்தால், அருள்பாண்டி கம்பெனி முதலாளியின் பீரோவை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு ஓடிய மாதிரி இருக்கும். வணிக நோக்கமாம், திட்டமிட்ட அபகரிப்பாம். நஷ்டஈடு என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள், செட்டையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் காணாது. ஹரிராமின் தம்பி மகன் வெங்கடேஷ்பாபு வக்கீல். அவன் பார்த்துவிட்டு, "விசேஷத்துல பாட்டுப் போட்டதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. அத நெட்டுல ஏத்துனதைத்தான் புடிச்சுக்கிட்டாங்க. சின்ன ஆளுகளாப் பாத்து இப்பிடி மெரட்டுறது அவங்களுக்கு ஒரு வேலை" என்றான். பதில் எழுதிப் போட்டான்.

அருள்பாண்டி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோட்டீஸில் இருந்த நம்பருக்குத் தானே போன் போட்டார். அது வக்கீல் ஆபீஸ், இதுக்குக் கம்பெனி ஆபீஸில் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் இந்தச் செக்ஷன் இல்லை என்றார்கள். லைனில் காக்க வைத்த நேரமெல்லாம் அவர்கள் கம்பெனிப் பாட்டையே ஓடவிட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்தது. சின்ன வயசுக் குரல், மரியாதையாகத்தான் பேசியது.

"சொல்லுங்க சார்."

"அம்மா, நீங்க எடுத்துட்ட வீடியோவுல என் வீட்டுக்காரி பேசுறா. அவ இப்ப இல்ல. பாட்ட நீங்களே வச்சுக்கங்க. அவ பேசுற அந்த எடத்த மட்டும் எனக்குக் குடுத்திருங்க. நான் யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்."

அந்தப் பெண் நோட்டீஸ் நம்பரைக் கேட்டுக்கொண்டது. கீபோர்டு தட்டுவது கேட்டது.

"சாரி சார். அந்த வீடியோவோட காப்பி எங்க ஃபைல்ல இருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி ஆதாரத்துக்காக டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கோம்."

"இருக்கா?"

"இருக்கு சார். பட், வெளியில கொடுக்க முடியாது. அதுல எங்க சாங் இருக்கு இல்லையா. கொடுத்தா நாங்களே காப்பி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"நீங்க கேட்டீங்களாம்மா? அவ பேசுறது நல்லாக் கேக்குதா?"

அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு, "கேக்குது சார். யாரையோ குனியச் சொல்றாங்க" என்றது.

"என்னையத்தாம்மா" என்றார் அருள்பாண்டி. போனை வைத்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அவர் வாசல் குழாய்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஒரு விசேஷமும் கைவசம் இல்லை. சென்னையில் எங்கேயோ ஒரு ஆபீஸில் முகம் தெரியாத ஒரு பெண் தன் பெண்டாட்டி பேசுவதைக் கேட்க முடிகிறது, தன்னால் முடியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நாகஜோதிக்குப் போன் போடலாமா என்று எடுத்தார், அவளும் அழுவாள் என்று வைத்துவிட்டார்.

வெங்கடேஷ்பாபு எழுதிய பதிலுக்குப் பலன் இருந்தது. கம்பெனி இறங்கி வந்துவிட்டது. ஹரிராம் போன் போட்டு, "மீனாட்சி கண்ணத் தொறந்துட்டா, கெளம்பி வா" என்றார். அருள்பாண்டி நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். வீடியோவைத் தரப்போகிறார்கள் என்றே நினைத்துவிட்டார், பாவம்.

கடையில் ஹரிராம் அவருக்கு டீ வாங்கி வைத்திருந்தார். வெங்கடேஷ்பாபு ஒரு தாளை மேஜையில் விரித்தான்.

"நஷ்டஈடு வேணாம்னுட்டாங்கண்ணே. மன்னிப்புக் கேக்குறேன், இனிமே எந்த விசேஷ வீடியோவும் நெட்டுல ஏத்த மாட்டேன், அம்புட்டுத்தான். கையெழுத்துப் போட்டா இத்தோட முடிஞ்சது."

"வீடியோ?"

"அத ஏண்ணே கேக்குறீங்க. நமக்கு இனி தொந்தரவே வரக் கூடாதுன்னு நானே பேசி ஒரு வரி சேத்திருக்கேன். அவங்ககிட்ட இருக்குற காப்பியையும் அழிச்சிருவாங்க."

பேனாவைத் திறந்த அருள்பாண்டி அப்படியே மூடினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஹரிராம், "போடு அருளு, பெரிய எடத்தோட நமக்கென்ன வம்பு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"போடலேன்னா என்ன தம்பி ஆகும்?"

"கேஸ் போடுவாங்க. சென்னைக்கு அலையணும், வருசக்கணக்கா இழுக்கும். முடிவுல தோத்தாலும் தோத்துருவோம்."

"அதில்ல. கேஸ் போட்டா, அந்தக் காப்பிய அழிக்க மாட்டாங்கள்ல?"

"எப்பிடி அழிப்பாங்க, அதானே ஆதாரம். முடியிற வரைக்கும் பத்திரமா வச்சிருந்துதான் ஆகணும்."

"கோர்ட்டுல போட்டுக் காட்டணும்ல?"

"காட்டணும்."

"சத்தத்தோடயா?"

வெங்கடேஷ்பாபு அவரை நிமிர்ந்து பார்த்தான். "சத்தம்தானேண்ணே கேஸே."

"நான் அங்கன நிக்கலாமா?"

"நீங்கதானே பிரதிவாதி. நீங்க இல்லாமயா."

அருள்பாண்டி தாளைச் சுருட்டாமல், கசக்காமல், அவன் பக்கமாக மரியாதையாக நகர்த்தி வைத்தார். ஹரிராம் தலையில் கை வைத்துக்கொண்டார். "வீடு போயிரும்டா அருளு."

"வீட்டுல யாருண்ணே இருக்கா" என்றார் அருள்பாண்டி. பிறகு வெங்கடேஷ்பாபுவிடம் திரும்பினார்.

"கேஸப் போடச் சொல்லி எழுதுங்க தம்பி. அப்பறம் இன்னொண்ணும் எழுதணும். கோர்ட்டுல ஸ்பீக்கர் எப்பிடி வச்சிருப்பாங்களோ, நமக்குத் தெரியாது. பேச்சு தெளிவாக் கேக்கணும்னா நம்ம பெட்டியவே கொண்டாந்து கட்டித் தாரேன், வாடகை வேணாம்னு எழுதுங்க."