கழுநீர்த் தபால்

கல்கத்தாவில் பவானிபூருக்குக் குடித்தனம் வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அம்மாவுக்குக் கார்டு போட்டால் காலணா. அதே கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில் ஆபீஸ்காரருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்குப் போட்டாலும் அதே காலணா. முதலாவது ரயிலேறி, வண்டியேறி, கடைசியில் ஆள் சுமந்து வரப்பில் போகிறது. இன்னொன்று நாலைந்து மைல் போகிறது. இதென்ன நியாயம்?

எங்கள் பால்காரனின் அண்ணன் கார்டன் ரீச்சில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தான். பால்காரன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்கே போய்வருவான். அவனிடமே கடிதம் கொடுத்தனுப்பத் தொடங்கினேன். பதிலுக்கு அவன் மாட்டுக்கு ஒரு குடம் கழுநீர். தங்கைக்கும் கண்டிப்பாக எழுதினேன்: இனிமேல் கார்டு வாங்கிக் காசைக் கரியாக்காதே.

என் கணவருக்கு அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம். சேதி தெரிந்ததும் மோர் சாதத்தில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"கூலிக்குக் கடுதாசி சுமக்கற பாத்தியம் சர்க்காருக்கு மட்டுந்தான்டி. மத்தவா செஞ்சா குத்தம்."

"ஏன்னா, கழுநீரெல்லாம் கூலியாகுமா?"

பாவம், இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். நானும் விடவில்லை. கத்திரிக்காயை யார் வேண்டுமானாலும் விற்கலாம், கடிதத்தை மட்டும் ஏன் ஒருவரே சுமக்க வேண்டும்? எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"கிட்டத்துக் கடுதாசியையெல்லாம் பால்காரனே அள்ளிண்டு போயிட்டா, காலணாவுக்கு அத்தனை தூரம் எவன் போவான்? இங்கே மிஞ்சறதுதான் அங்கே போறது" என்றார்.

"என் காசுல ஊரான் கடுதாசியா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைன்னா இது."

"ஊரான் இல்லேடி. உங்கம்மா."

சிரித்துவிட்டேன். ஆனாலும் பால்காரனை நிறுத்தவில்லை.

தங்கைக்கு அது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு ஊர் வரை போக முடியாது, என்னிடம் வர வேண்டும் என்று தவித்தாள். மாமியார் சம்மதிக்கவில்லை. இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. பால்காரனைக் காணோம். தபால்காரன் மட்டும் முழங்கால் தண்ணீரில் வந்து அம்மாவின் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

எட்டாம் நாள் பால்காரன் வந்தான். அவனுக்குக் காய்ச்சலாம், அண்ணனின் கொட்டகையிலேயே கிடந்தானாம். மடியிலிருந்து நைந்துபோன கடிதத்தை எடுத்து நீட்டினான். தங்கை எழுதியிருந்தாள்: "மாமியார் மனசு இரங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது வந்தால் அனுப்புகிறாராம். உடனே வா."

வெள்ளிக்கிழமை போய் மூன்று நாள் ஆகியிருந்தது. வண்டி பிடித்து ஓடினேன். பெண் குழந்தை பிறந்திருந்தது, சௌக்கியந்தான். தங்கைதான் கிழித்த நாராகக் கிடந்தாள். ஒன்றரை நாள் வலியாம். பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"ஏன்டி, ஒரு கார்டு போட்டிருக்கப்படாதா?" என்று அழுதேன்.

"கையில எடுத்துட்டேன் அக்கா. நீ வைவியேன்னு திருப்பி வச்சுட்டேன்."