பாம்பிலஸின் தங்கப் பற்கள்

ரோமாபுரியின் புனித வீதியில் தட்டார் கடைகள் வரிசையாக இருந்தன. அத்தனை கடைக்காரர்களிலும் வடிகட்டிய கஞ்சன் யார் என்று யாரைக் கேட்டாலும், யோசிக்காமல் பாம்பிலஸின் கடையைக் கை காட்டுவார்கள். அடிமையாகப் பிறந்தவன். எசமானின் பட்டறையில் அரம் போட்ட காலத்தில் தலைக்கு எண்ணெயை வழிய வழியத் தடவிக்கொண்டு, பொன்தூள் ஒட்டிய விரல்களால் ஓயாமல் முடியைக் கோதிக்கொள்வான். சாயங்காலம் தலையை அலசினால் தொட்டியின் அடியில் தங்கம் படியும். அப்படிக் கோதிக் கோதியே தன் விடுதலையை விலைக்கு வாங்கினான். சொந்தக் கடை வைத்ததும் அந்த மகாராஜன் செய்த முதல் காரியம், தன் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் மொட்டை அடித்ததுதான்.

மொட்டை அடிபட்டவர்களில் ஹெல்பிஸும் ஒருத்தி. தங்கத் தாள் அடிப்பதற்காக அவன் வாங்கிய அடிமைப் பெண். ஹிஸ்பானியா நாட்டுச் சுரங்கத்துத் தங்கக் கட்டியை உப்போடு சேர்த்து மண்சட்டியில் புடம் போட்டு, அதிலிருக்கும் வெள்ளியைப் போக்கி அவளிடம் கொடுப்பார்கள். அவள் சுத்தியலால் தட்டித் தட்டி, மூச்சு பட்டால் பறக்கிற தாளாக எடுப்பாள். இருபது வருடமாக அவள் கேட்டது விடுதலை ஒன்றைத்தான். "உயில்ல எழுதிடறேன் போ" என்பான். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று அவனுக்குப் பயம். அதனால் எழுதவே இல்லை.

அவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. உயில் இல்லாமல் செத்தால், சட்டப்படி கடையும் கட்டிலும் ஹெல்பிஸும் அவனுடைய பழைய எசமான் வீட்டுக்குப் போய்விடும். மறுபடியும் ஒரு புது வீட்டில் முதலிலிருந்து அடிமையாக இருக்க வேண்டுமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவனுக்கும் எரிந்தது, ஆனால் தங்கத்தை நினைத்து.

பிணத்தோடு தங்கம் போகக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். பல்லைக் கட்டிய தங்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அறுபது வயதில் இந்த ஞானம் பிறந்ததும், பக்கத்துக் கடையில் பல் கட்டுகிற யூட்டாக்டஸிடம் ஓடினான்.

"அண்ணே, ஒங்க பல்லு கல்லு மாதிரி இருக்கு. ஆடற பல்லைத்தானே கட்டுவாங்க?" என்றான் யூட்டாக்டஸ்.

"ஆடலேன்னா ஆட்டி விடுடா!"

ஆட்டித்தான் விட்டார்கள். பதினான்கு நல்ல பற்களை அசைத்து, ஒவ்வொன்றையும் பட்டையான பொன்தகட்டால் கட்டினார்கள். அதற்குப் பிறகு கொண்டைக்கடலையைக் கூட அவனால் கடிக்க முடியவில்லை. கடை நிறையத் தங்கம் வைத்துக்கொண்டு கோதுமைக் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தான் மூடன்.

அந்தக் குளிர்காலத்தில் மார்புச்சளி கட்டிப் படுத்தான். யூட்டாக்டஸும் இரண்டு கடைக்காரர்களும் பார்க்க வந்தார்கள்.

"என்னை எரிச்சதும், பல்லுத் தங்கத்தைச் சாம்பலோட கலசத்துல போட்டு மூடணும். கேட்டுச்சா?" என்று அவர்களிடம் முனகினான்.

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த ஹெல்பிஸ் திரும்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கு எசமான்! பழைய ஜரிகைத் துணி வந்தா நாம என்ன செய்யறோம்? எரிச்சு, சாம்பல்ல பாதரசத்தை ஊத்திப் பிசைஞ்சு, தோல்ல கட்டிப் பிழிஞ்சா பொட்டுத் தங்கம் தப்புதா? ஒங்க பழைய எசமான் வீட்லயும் பட்டறை இருக்கு. அவங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்?"

வாழ்நாள் முழுக்க அடுத்தவன் துணியை எரித்துத் தங்கம் எடுத்தவனுக்கு, தன் பிணமும் எரியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப என்னைப் பொதைச்சிடுங்க!"

"எங்க பொதைக்கறது?" என்றான் யூட்டாக்டஸ். "ஈமச்சங்கத்துக் கல்லறைச் சுவத்துல மலிவா கெடைக்குதுன்னு ஒரு முழ மாடத்தை வாங்கி வச்சிருக்கீங்க. அதுல கலசம்தான் போகும், ஆள் போக முடியாது."

பாம்பிலஸ் விக்கி விக்கி அழுதான். ஹெல்பிஸ் கொஞ்ச நேரம் அழவிட்டாள்.

"சாம்பலை அள்ளப்போறவ நான்தான்," என்றாள். "அடிமையா அள்ளினா, ஒங்க பழைய எசமான் வீட்டுக்காரங்க சொல்றபடிதான் செய்யணும். இப்பவே, இவங்க முன்னாடி என்னை விடுவிச்சா, குன்றிமணி கொறையாம கலசத்துல போட்டு ஈயத்தால அடைச்சிடறேன்."

பாம்பிலஸ் அவளைப் பார்த்தான். பிறகு அவன் நாக்கு மெதுவாகப் பற்களைத் தடவிப் பார்த்தது. இருபது வருட உழைப்புக்கு இளகாத மனம் பதினான்கு பல்லுக்கு இளகியது.

"ஹெல்பிஸ் இனிமே அடிமை இல்ல. நீங்கல்லாம் சாட்சி," என்றான்.

மூன்றாம் நாள் செத்தான். நகரவாசலுக்கு வெளியே சிதை எரிந்து அடங்கியதும், ஒயினைத் தெளித்து அணைத்தார்கள். மற்றவர்கள் கலைந்த பிறகு யூட்டாக்டஸ் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான்.

"பாதரசம் கொண்டாந்திருக்கேன். நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம். ஆளுக்குப் பாதி, என்ன சொல்றே?"

ஹெல்பிஸ் சாம்பலைச் சலித்தாள். கருகிய பற்களையும், உருகித் திரண்டு கிடந்த தங்கத் துணுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கலசத்தில் போட்டாள். மூடியைச் சுற்றி ஈயத்தை ஊற்றினாள்.

"பைத்தியமாடி ஒனக்கு?" என்று கத்தினான் யூட்டாக்டஸ். "செத்தவனுக்குக் குடுத்த வாக்குக்காகவா?"

"வாக்காவது மண்ணாவது. எனக்குத் தங்கம் தட்டத் தெரியும், எந்தக் கடையிலயும் கூலி குடுப்பாங்க. அந்த ஆளு வாயில ஊறிக் கெடந்ததை என் கையால தொட்டதே போதும்."