என் தங்கை குடிக்காத சிகரெட்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பது. ஊரப்பாக்கத்தில் என் தங்கை வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது இறங்கியவர்களின் கைகளை. நான்கு பேர். ஒருவர் கையிலும் பழப்பை இல்லை. நோயாளி இருக்கும் வீடு, அதுவும் பெண் எடுக்கப் போகிற வீடு. ஒரு சீப்பு வாழைப்பழமாவது வந்திருக்க வேண்டும். கடைசியாக இறங்கியவர் கையில் மட்டும் செல்போன் இருந்தது. அதன் திரை எரிந்துகொண்டிருந்தது.

திரையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் தங்கைக்கு ஐம்பத்தொரு வயது. தொடக்கப் பள்ளி ஆசிரியை. பஸ் நிறுத்தத்தில் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் வெயிலில் போய் நிற்கிறவள். மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் பொங்கல் கழிந்தும் நிற்கவில்லை. செங்கல்பட்டில் எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலில் கட்டி தெரிந்தது. முதுகு வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். புற்றுநோய் என்று வந்தது.

டாக்டர் உடனே கீமோ ஆரம்பிக்கவில்லை. எடுத்த சதையை ஜீன் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அது வரட்டும் என்றார். கட்டியின் செல்களில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அதை மட்டும் குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று, வீட்டிலேயே விழுங்கலாம். புகைபிடிக்காத பெண்களிடம் அந்த மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். கேஸ் ஷீட்டில் 'புகைப்பழக்கம் இல்லை' என்று எழுதினார்.

பதினாறு நாள் காத்திருந்தோம். 'பாசிட்டிவ்' என்று வந்தது. நான் முப்பத்திரண்டு வருடம் செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்தவன். மருத்துவ அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்து ஒரு குடும்பம் கைதட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தங்கையின் கணவர் இரண்டு லோடு வண்டி வைத்திருக்கிறார். நல்ல மனிதர், எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அந்தச் சந்தோஷத்தில் அறிக்கையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே, 'ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ். ஆண்டவன் கண் திறந்துட்டான்' என்று எழுதி வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் அவர் மகளுக்குப் பூ வைத்து கல்யாணத்தை உறுதி செய்திருந்தார்கள். பூ வைத்த அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேரை அதே குழுவில் அவரே சேர்த்திருந்தார். படம் போடும்போது அது அவர் நினைவில் இல்லை.

வந்தவர்கள் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அத்தை, தாய்மாமன். திருக்கழுக்குன்றத்துக் குடும்பம். பேசுவதற்கென்று வந்தவர் தாய்மாமன். சதுரங்கப்பட்டினம் பக்கம் டிப்பர் லாரிகள் ஓட்டுகிறார். மாப்பிள்ளையின் அம்மா என் தங்கை படுத்திருந்த உள்ளறைக் கதவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்தார். தங்கை மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கித் தரையில் வைத்தார். வாயருகே கொண்டுபோகவில்லை.

தாய்மாமன் மிக்சர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தங்கையின் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னா சம்மந்தி, ஜீன்னு போட்டுகீது?"

"அது நல்ல விஷயம் சம்மந்தி. அது இருந்தாத்தான் மாத்திரையே குடுப்பாங்களாம்."

"மாத்திரை கெடக்கட்டும். ஜீன்னா ரத்தத்துல வர்றது தானே? அம்மாவுக்கு கீதுன்னா பொண்ணுக்கு வராதா? நாளைக்கு அதுக்கு ஒண்ணு பொறந்தா அதுக்கு வராதா?"

நான் குறுக்கிட்டேன். இது பிறக்கும்போதே உடம்பு முழுக்க வந்த மாற்றம் இல்லை, பின்னால் நுரையீரலின் ஒரு மூலையில் விழுந்த பிழை என்றேன். எங்கள் தொழிலை வைத்தே சொன்னேன். கட்டுரை சரியாக இருக்கும், அச்சில் ஒரு பக்கத்தில் பிழை விழும். அந்தப் பிழை அந்தப் பக்கத்தோடு சரி, மூலத்துக்குத் திரும்பிப் போகாது. மகளுக்கும் போகாது. டாக்டரும் இதைத்தான் சொன்னார்.

அவர் மென்றபடியே கேட்டார். உதட்டில் கடலைத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது.

"நீங்க பேப்பர்காரரு சார், அழகா சொல்றீங்கோ. நாங்க பொண்ணு எடுக்கறவங்க. எங்களுக்கு ஒரு பயம் இருக்கும்ல? பொண்ணுக்கும் அதே டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டா பேஜாரே இல்ல. வண்டி வாங்கறப்ப ஓடத் தகுதியான்னு எஃப்.சி. பாக்கறதில்லியா?"

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். அத்தையும் சிரித்தார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. தங்கை மகள் அங்கேதான் இருந்தாள். நான் எழுந்து வாசல் கதவைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது தங்கை உள்ளறையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு அடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"ஜீனும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. நான் சிகரெட் குடிச்சேன். அதனால வந்தது."

அவள் கணவர் வாயைத் திறந்தார், அப்படியே இருந்தார். நான் மற்ற நான்கு முகங்களையும் பார்த்தேன். முதலில் அதிர்ச்சி. அது சில நொடிதான். அடுத்து வந்தது நிம்மதி. அதற்கும் பிறகு, தாய்மாமன் முகத்தில் மட்டும், வேடிக்கை கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"எத்தினி வருஷமா?"

என் தங்கை பொய் சொல்லிப் பழகாதவள். எண் தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"பதினஞ்சு வருஷம்," என்றேன் நான். "ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கும்போது பிடிச்ச பழக்கம். விட்டு ரொம்ப நாள் ஆச்சு. வீட்ல நாங்கதான் வெளியே சொல்லல."

உறுதி செய்யாத ஒரு வரியைப் பக்கத்தில் ஏற்றியதில்லை என்று ஓய்வு பெறும் நாளில் மேடையில் சொன்னவன் நான். ஓர் எண்ணும் ஓர் இடமும் சேர்ந்தால் எந்தப் பொய்யும் செய்தியாகிவிடும் என்பதும் அந்த மேசையில் கற்றதுதான். உடனே நம்பினார்கள். அச்சுப்பிழை உதாரணத்துக்கு அசையாத ஆள், ஹாஸ்டலுக்கு அசைந்தார்.

"அதானே பாத்தேன்! பழக்கம்னா இன்னா, வுட்டா போச்சு. பரம்பரைன்னாத்தான் பயம்."

மாப்பிள்ளையின் அம்மா தரையிலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தார்.

கிளம்புவதற்கு முன் தாய்மாமன் 'காத்தாட' வெளியே போனார். பாத்திரம் கழுவும் குழாயடியில் நின்று ஒரு சிகரெட் பிடித்து முடித்து, அடிக்கட்டையை, அங்கே ஊறப்போட்டிருந்த தோசைக்கல்லின் மேல் நசுக்கிவிட்டுப் போனார். அதை நான்தான் எடுத்துப் போட்டேன். சாம்பல் கலந்த எண்ணெய்ப் பிசுக்கு விரலை விட்டுப் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

கார் போன பிறகு தங்கையின் கணவர் என்மேல் பாய்ந்தார். "அவதான் புரியாம சொன்னா, நீ இன்னாத்துக்கு மச்சான் வருஷக் கணக்கு சொன்ன?"

"அண்ணன்கிட்ட ஏன் கத்தறீங்க?" என்றாள் தங்கை. "சிகரெட் புள்ளைக்குப் போகாதுன்னு அவங்களுக்குத் தெரியும். இது போகும்னு நெனைக்கிறாங்க. என்ன சொன்னாலும் மாத்திக்க மாட்டாங்க. கல்யாணம் முடியட்டும். எனக்கு எவ்வளவு நாளோ, யாருக்குத் தெரியும்?"

மகள் மொட்டை மாடிக்குப் போய் மாப்பிள்ளையோடு போனில் பேசிவிட்டு வந்தாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"அவங்க மாமா பேசிட்டாரு, இனிமே பிரச்சினை இல்லன்னு சொல்றாரு, மாமா."

"எஃப்.சி. விஷயம் சொன்னியா?"

"சொன்னேன். சிரிச்சாரு. மாமா அப்டித்தான், வெளையாட்டா பேசுவாருன்னாரு."

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டுவிட முடியாது. வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் மூவரும் அன்றே நிறுத்தியிருப்போம். அவள் சொல்லவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் தங்கை முதல் மாத்திரையை விழுங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து மாமல்லபுரத்தில் மண்டபம் பார்க்கத் தாய்மாமன் தன் காரில் என்னை அழைத்துப்போனார். கடலைப் பார்த்த மண்டபம், முன்பக்கம் கண்ணாடியும் செயற்கைப் புல்லும். சமையற்கட்டைக் காட்டுகிறேன் என்று பின்பக்கம் கூட்டிப்போனார். முந்தின நாள் விருந்தின் எச்சில் இலைகள் மணலில் குவிந்திருந்தன. கழுவிய சாம்பார் நீர் திறந்த வாய்க்காலில் கடற்கரைப் பக்கம் ஓடியது. இரண்டு நாய்கள் ஒரே இலையை இழுத்தன. அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு அவர் நிதானமாகப் பற்ற வைத்தார்.

"உங்க தங்கச்சி இன்னா பிராண்டு சார்?"

நான் நாய்களைப் பார்த்தேன்.

"கோச்சிக்காதீங்கோ, சும்மா கேட்டேன். டீச்சரம்மா பாக்க அமைதியா கீறாங்க, உள்ள இவ்ளோ கீது. எங்க வூட்டுல பொம்பளைங்க எல்லாம் இத்த வச்சே ஒரு வாரம் சிரிச்சிக்கினு இருந்தாங்கோ." புகையை என் பக்கம் விட்டார். "இப்பவும் திருட்டுத்தனமா ஒண்ணு ரெண்டு இழுக்குமா?"

"இல்ல," என்றேன். காற்று அடிக்கும் பக்கம் மாறி நின்றேன். அன்று என் தங்கைக்காக நான் செய்தது அவ்வளவுதான். மண்டபத்துக்குத் தேதி குறித்துக்கொண்டு, அவருடைய காரிலேயே திரும்பி வந்தேன்.

செய்தி பள்ளிக்கும் போயிருந்தது. உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருத்தி பார்க்க வந்தாள். ஹார்லிக்ஸ் புட்டியை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தணித்து, "டீச்சர், நெசமாவா?" என்று கேட்டாள். தங்கை ஆமாம் என்று தலையாட்டினாள். வந்தவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சாம்பல் கிண்ணம் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரம் முகத்திலும் நெஞ்சிலும் பருக்கள் கிளம்பின, கால் கட்டைவிரல் நகத்தோரம் புண்ணானது. வரக்கூடியதுதான் என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். ஆறாவது வாரம் மாடிப்படி ஏறினாள். இருமல் தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் காலையில் இருமவே இல்லை என்று அவள் கணவர் எனக்குப் போன் செய்தார். அதைக் குழுவில் போடவில்லை என்றும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேன். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை தானும் வருவதாகச் சொல்லி, செங்கல்பட்டு மருத்துவமனை வாசலில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். "டாக்டர் வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கினா எல்லாருக்கும் நிம்மதி," என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் எங்களிடம் இல்லை.

அன்று வேறு டாக்டர், நடுவயதுப் பெண். அவருக்குப் பின்னால் ஐந்து மாணவர்கள் நின்றிருந்தார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, கட்டி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது என்று காட்டினார். தங்கை படத்தைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பரம்பரையா வர்றதா மேடம்?" என்று அத்தை கேட்டார்.

"இல்லம்மா. இந்த மாற்றம் கட்டியில மட்டும் இருக்கு. பிள்ளைங்களுக்குப் போகாது. பயப்பட வேணாம்."

மூன்று மாதத்துக்கு முன்பே நான் சொன்னது. அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

"ஆமா மேடம், சிகரெட்டால வந்தது தானே," என்றார் அத்தை.

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "இதுல புகைப்பழக்கம் இல்லைன்னு போட்டிருக்கே?"

அத்தை மெதுவாகத் திரும்பி என் தங்கையைப் பார்த்தார். தங்கையின் கணவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். நான் டாக்டரின் பேனாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

"அன்னிக்கு வெக்கமா இருந்தது மேடம், சொல்லல," என்றாள் தங்கை. "பதினஞ்சு வருஷம் குடிச்சேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. பழைய வரியை அடித்துவிட்டு அதன் மேலே புதிதாக எழுதினார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"இதைக் கவனிங்க. பல வருஷம் புகைபிடிச்சவங்ககிட்ட இந்த மாற்றத்தைக் குறைவாத்தான் பார்ப்போம். இவங்களுக்கு இருந்திருக்கு."

மாணவர்களில் மூன்று பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.