கிளட்சும் வலது காதும்

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. என் அக்கா மகள் ரூபா காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டாள். அவளுடைய கார் இல்லை. கைப்பேசியால் திறந்து மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிற மின்சாரக் கார். சத்தமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முன்னால் நான், பின்னால் முருங்கைக்காயும் கீரைக்கட்டுமாக என் மனைவி வசந்தா. சிராங்கூன் சாலையில் வழக்கம்போல நெரிசல். வண்டி நின்று நின்று நகரும்போதெல்லாம் என் இடது கால் தானாகத் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, கால் மரத்துப் போச்சா?" என்றாள் ரூபா.

"கிளட்சைத் தேடுறாரும்மா. அந்த வியாதி அவருக்கு இன்னும் போகல" என்றாள் வசந்தா, பின்னாலிருந்து.

கிளட்ச் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்கில் பிரேக் ஆயில் வாடை ஏறிவிடும். உங்களுக்கு அந்த வாடை தெரியுமோ என்னவோ. மீன் கழுவிய தண்ணீரை இரண்டு நாள் மூடி வைத்த மாதிரி இருக்கும், பழைய ஆயில் என்றால். சோப்புக்கும் போகாது, எலுமிச்சம்பழத்துக்கும் போகாது. ரூபாவுக்குக் காது குத்திய கதையை அந்த வாடை இல்லாமல் என்னால் நினைக்க முடிவதில்லை.

அக்காவை மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் கட்டிக்கொடுத்திருந்தது. சீனப் புத்தாண்டு விடுமுறையில்தான் எல்லோரும் கூட முடியும் என்று, இரண்டாம் நாள் காலையில் அங்கே கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். "நீ வந்து உட்காந்தாத்தான்டா ஆசாரி ஊசியைத் தொடணும், சொல்லிட்டேன்" என்று போனில் உத்தரவு போட்டிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மடியில் ஒரு குழந்தையை வைத்து ஊர் பார்க்க நடக்கப்போகிற காரியம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

புத்தாண்டுக்கு முதல் நாள், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குத் திரும்பும் முனையில், அப்போது நாங்கள் வைத்திருந்த காரின் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தால் மேலே வரவில்லை. பெடலை அமுக்கினால் பிரேக் ஆயில்தான் குழாய் வழியாகப் போய், கியர்பெட்டியின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சிலிண்டரைத் தள்ள வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் என்பார்கள். அடிமை என்று பெயர் வைத்ததற்குப் பழிவாங்கிற்றோ என்னவோ, உள்ளே ரப்பர் கிழிந்து ஆயிலெல்லாம் கீழே ஒழுகிவிட்டது. ஊரில் உள்ள பட்டறையெல்லாம் பூட்டிவிட்டார்கள். பாதி ஷட்டர் இறக்கியிருந்த ஓர் உதிரிபாகக் கடையில் குனிந்து நுழைந்து ரப்பரும் ஒரு டப்பா ஆயிலும் மட்டும் வாங்க முடிந்தது.

"பஸ்ல போயிடலாங்க" என்றாள் வசந்தா.

சீர்த்தட்டுகள் கூடத்தில் வரிசையாக இருந்தன. பட்டுப்பாவாடை, வாழைப்பழச் சீப்பு, சீனி, கற்கண்டு, தோடு. சிங்கப்பூர் மாமன் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான் என்று குளுவாங்கே சிரிக்காதா? கௌரவம் என்கிற சனியன் இருக்கிறதே, அது எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே உண்டு. நானே மாட்டிவிடுகிறேன் என்றேன்.

புத்தாண்டு அன்று காலை. மாடிக் கார் நிறுத்துமிடத்தில், வண்டி பழுது பார்க்கக் கூடாது என்று எழுதிய தூணுக்குப் பக்கத்திலேயே, ஆரஞ்சுப் பழ அட்டைப்பெட்டியைப் பிரித்துப்போட்டுக் காருக்கு அடியில் படுத்தேன். சிலிண்டரைக் கழற்றினேன், ரப்பரை மாற்றினேன், திரும்ப மாட்டினேன். அதுவரை எல்லாம் சுலபம். இனி குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மேலே பெடலை அமுக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட. வசந்தா தாதி. இரவு வேலை முடித்து வந்தவளைத் தூங்கவிடாமல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி. விடாதே... ம், விடு."

இப்படியே எவ்வளவு நேரம் போயிற்றோ. காற்று வந்தது, ஆயில் வந்தது, மறுபடி காற்று வந்தது. பெடல் மட்டும் ஊறவைத்த ரொட்டி மாதிரி அப்படியே தொளதொளவென்று கிடந்தது. டப்பாவில் ஆயில் இறங்க இறங்க எனக்குக் கோபம் ஏறிற்று. சரியாக அமுக்கவில்லை என்று அவளைப் பார்த்துக் கத்தினேன்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று மேலிருந்து பதில் வந்தது. "உங்களுக்கு மாட்டத் தெரியல, என் காலைக் குத்தம் சொல்றீங்க."

சிவப்புச் சட்டையில் குடும்பத்தோடு புறப்பட்டு வந்த பக்கத்து வீட்டுச் சீனர் குனிந்து என்னைப் பார்த்தார். "கார் ரோசாக் ஆ?" என்று, பழுதா என்பதை மலாயில் கேட்டுவிட்டு, என் எண்ணெய்க் கையில் புத்தாண்டு வழக்கப்படி இரண்டு ஆரஞ்சுகளை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் வசந்தா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முட்டி போட்டுத் தலையை உள்ளே நீட்டினாள்.

"காத்து போற திருகு எது?"

காட்டினேன். சிலிண்டருக்கு அடிப்பக்கம் இருந்தது.

"ஏங்க, நாங்க டிரிப் போடும்போது குழாயில குமிழி எந்தப் பக்கம் ஏறும்? மேலதானே? நீங்க கதவைக் கீழ வச்சிருக்கீங்க. அது எப்படிங்க போகும்?"

தலைகீழாக மாட்டியிருந்தேன். இரண்டு போல்ட்டும் ஒரே மாதிரி இருப்பதால் எப்படி வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும் கருமம் அது. கழற்றித் திருப்பி மாட்டினேன். டப்பாவின் கடைசி ஆயிலில் பெடல் கல்லு மாதிரி நின்றது. வெற்றி என்று கையைத் தூக்கி, காரின் வயிற்றில் இடித்துக்கொண்டேன்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். கிளட்ச் ஒரு குறையும் வைக்கவில்லை. வைத்தது மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம்தான். ஜொகூர் போகிற ஊரே அன்றைக்குக் கார் எடுத்திருந்தது. அமுக்கு, விடு, ஓர் அடி நகர், அமுக்கு, விடு. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஜன்னலை ஒட்டி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் பெட்டியோடு எங்களைத் தாண்டிப் போனார். வசந்தா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

கோயிலுக்குள் ஓடியபோது குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. நல்ல நேரம் தவறக் கூடாது என்று அத்தான் வழியில் ஏதோ ஒரு மாமனை உட்கார வைத்து இடது காதைக் குத்திவிட்டார்கள். அடுத்த காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தபோது அக்கா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாளாம். "இந்தக் காது என் தம்பி மடியிலதான். எவ்வளவு நேரமானாலும் சரி" என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னைக் கண்டதும் ஒரு வசவு, உடனே மடியில் குழந்தை. என் கையில் பிரேக் ஆயில் வாடை. குழந்தை மோந்து பார்த்து உதைத்த உதையில் ஆசாரியின் கை ஒரு நூல் இறங்கிவிட்டது.

அதனால் ரூபாவுக்கு எந்தப் புகைப்படத்திலும் வலது தோடு சற்றுக் கீழேதான் தொங்கும். "உன் மடியில குத்தினதுதான்டா கோணலாப் போச்சு" என்று அக்கா வருஷக்கணக்காகத் திட்டினாள். திட்டட்டும். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் புளோக்கின் கீழே ரூபா வண்டியை நிறுத்தினாள். இவ்வளவு நேரம் நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். பைகளை எடுத்துக்கொண்டு, போய்வரச் சொல்ல அவள் பக்க ஜன்னலுக்குச் சுற்றி வந்தபோதுதான் அவள் வலது காதைப் பார்த்தேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மாமா? கிளினிக்ல பழைய ஓட்டையைத் தச்சு மூடிட்டாங்க. ஆறினதும் மேல புதுசா குத்திட்டேன். இப்ப லெவலா இருக்கு, பாருங்க லா!"

"அழகா இருக்கும்மா" என்றேன்.

நான் கிளட்ச் மாட்டிய அந்தப் பழைய காரை வைத்துக்கொள்ள அரசாங்கம் தந்த பத்து வருடப் பத்திரம் முடிந்து, அதை நசுக்கி இரும்பாக்கியும் வெகுகாலம் ஆகிறது. ரூபா கையசைத்துவிட்டுச் சத்தமில்லாமல் புறப்பட்டாள். இரண்டு தோடும் அளவெடுத்தாற்போல ஒரே உயரத்தில் ஆடின. அதில் என் காது எது என்று இனி யாருக்கும் தெரியாது.