சரோஜினி டீச்சரும் தமிழ் டிவிஷன் பேன்களும்

எங்கள் தலைமையாசிரியை சரோஜினி டீச்சர் மாரடைப்பால் காலமாகிவிட்டார்கள் என்று செவ்வாய்க்கிழமை காலை பியூன் வகுப்பு வாசலில் வந்து சொன்னார். பள்ளிக்கு விடுமுறை என்றதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அதட்டவில்லை.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க என்னை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகள் டீச்சரிடம் வேலை பார்த்தவள் நான். பொய் எழுதக் கை வரவில்லை. பிடிக்காவிட்டால் வாசிக்காமல் விடட்டும்.

கேரள எல்லையில், அமரவிளைப் பக்கத்து எங்கள் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு டிவிஷன். ஒன்று மலையாளம், இன்னொன்று தமிழ். டீச்சர் ஒருநாளும் நேரம் தவறியதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த முதல் திங்கட்கிழமையே அவர்களுடைய பேன் பரிசோதனையைப் பார்த்தேன். தமிழ் டிவிஷன் பெண்பிள்ளைகளை மட்டும் முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். விரல் படாமல் பென்சிலால் முடியை விலக்கிப் பார்ப்பார்கள். பேன் இருந்தால் அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மலையாள டிவிஷன் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரிக்கும்.

என் ஏழாம் வகுப்பில் லீலா என்றொரு கெட்டிக்காரி இருந்தாள். அந்த ஓராண்டில் மட்டும் ஆறு முறை திருப்பி அனுப்பப்பட்டாள். அம்மா வாரி வாரிச் சுத்தமாக்கி அனுப்புவாள். அடுத்த வாரமே மறுபடியும் பேன். காரணம் ஊருக்கே தெரியும். லீலாவின் தங்கை ஐந்தாம் வகுப்பு மலையாள டிவிஷன். இங்கே பல வீடுகளில் இப்படித்தான், ஒன்றைத் தமிழிலும் ஒன்றை மலையாளத்திலும் சேர்ப்பார்கள். இரண்டும் படுப்பது ஒரே பாயில்.

"ரெண்டு டிவிஷனுக்கும், வீட்டுல உள்ளவங்களுக்கும் ஒரே நாள்ல பேன்சீப்பு போட்டாத்தான் தீரும் டீச்சர்" என்று எத்தனையோ முறை சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் அந்தத் தங்கையைக் கூட்டிக்கொண்டு அவர்கள் அறைக்குப் போய், மேஜைமேல் வெள்ளைத்தாளை விரித்துத் தலையை வாரினேன். பொலபொலவென்று விழுந்தன.

டீச்சர் தாளைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்கள்.

"இது உங்க தமிழ் டிவிஷன்ல இருந்து போனதாக்கும்" என்றார்கள்.

என்ன நெஞ்சழுத்தம்! இத்தனைக்கும் அவர்கள் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு.

ஆறாவது முறை லீலாவின் அப்பா வந்து சத்தம் போட்டார். அவர் மன்னிப்புக் கேட்கும்வரை பிள்ளை உள்ளே வரக்கூடாது என்றார்கள் டீச்சர். அவர் கேட்கவில்லை. வருகை குறைந்ததும் பெயரை வெட்டச் சொன்னார்கள். வெட்டியது என் கை. எல்லை தாண்டிக் களியக்காவிளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக டி.சி. கேட்டு அம்மா நாலு முறை வந்தாள். "மொதல்ல அப்பன் வரட்டு" என்று ஒவ்வொரு முறையும் துரத்தினார்கள். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் லீலாவின் வீட்டுக்குப் போனேன். நாலு ஆண்டாக அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். தோட்டின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி.

"அய்யோ, பாவம்" என்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ டீச்சர், இனியாவது எனக்க டி.சி. கிடைக்குமா?"

சரோஜினி டீச்சர், யாரையும் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதுதான் நம் வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. போங்கள்.