விரல் சொன்ன பொய்

பிஸ்கட் கம்பெனியின் பரிசோதனை அறையில் பதினாறு வருஷமாக எடை போடுகிறவளுக்குத் 'தராசக்கா' என்று யார் பெயர் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். "உப்பைக்கூட கிராம் கணக்குல போடுற பொம்பளையைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே!" என்று அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். புலம்பிவிட்டு இரண்டாம் தடவையும் தட்டை நீட்டுவார்.

அந்த மாதம் பிஸ்கட் உடைய ஆரம்பித்தது. பெட்டியில் அடுக்கும்போது முழுசு, கடைக்குப் போய்ச் சேரும்போது பாதி தூள். பிஸ்கட்டில் ஈரம் நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் நமுத்துப்போகும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் உடையும். அவள் அளந்த அளவிலோ ஈரம் கச்சிதமாக இருந்தது. ஈரம் சரி, ஆனாலும் உடைகிறது என்றால் வேகவைப்பதில்தான் கோளாறு. பரிசோதனை நோட்டில் 'காரணம்' என்ற இடத்தில் 'ஓவன்' என்று எழுதினாள். பதினேழு நாள், பதினேழு தடவை. ஓவன்காரர் வாய்த்துடுக்கானவர். அவளுடைய தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு ஒரு சாரி கூடச் சொல்லாதவர். அப்படி எழுதியதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமையோடு ஓவன்காரரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக மேனேஜர் சொன்னார். சொன்ன அன்றே ஓவன்காரர் பரிசோதனை அறை வாசலில் வந்து நின்றார்.

"ஈரம் கூடிப்போச்சுன்னு போன மாசம் எழுதி அனுப்பினது நீங்கதானேக்கா? அதனாலதான் சூட்டைக் கூட்டினேன். ஓவன்ல ஒண்ணும் இல்லை. முதல்ல உங்க தராசைப் பாருங்க."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் தராசு இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லை. நிரூபிச்சுக் காட்டறேன், அப்புறம் பேசுங்க!"

அவர்மேல் குற்றத்தை நிரூபிப்பதென்றாலும் அதை முறைப்படி நிரூபிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். செவ்வாய்க்கிழமை ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு ஐம்பது கிராம் படிக்கல்லைத் தராசில் வைத்தாள். ஐம்பது, ஒரு புள்ளி கூடுதல் குறைவு இல்லை. "பாத்தீங்களா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

புதன்கிழமை ஒரே பிஸ்கட் தூளை இரண்டிரண்டு கிராமாக ஆறு தட்டில் போட்டு அடுப்பில் காயவைத்தாள். காய்ந்தபின் எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் ஈரம். எடுத்த தட்டுகளை ஈரம் புகாத கண்ணாடி ஜாடியில் ஆறவிட்டு எடை பார்ப்பாள். மூன்று தட்டைப் பார்த்து முடித்ததும் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பேசி விடுவதற்கு அரைமணி நேரம் ஆகிவிட்டது. திரும்பிவந்து மிச்ச மூன்றையும் பார்த்தாள்.

முதல் மூன்றில் ஈரம் இரண்டே முக்கால். பின் மூன்றில் ஒன்றே முக்கால்.

ஒரே தூள், ஒரே அடுப்பு, ஒரே தராசு. மாறியது ஆறவைத்த நேரம் ஒன்றுதான். வியாழக்கிழமை வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் மாற்றினாள்: மூன்றுக்கு ஐந்து நிமிஷம், மூன்றுக்கு அரைமணி. வெள்ளிக்கிழமை தட்டுகளை இடம் மாற்றிப் பார்த்தாள். இரண்டு நாளும் அதே வித்தியாசம். சூடு மிச்சமிருக்கும் தட்டு மேலே இருக்கும் காற்றைச் சுடவைக்கும். சுட்ட காற்று மேலே ஏறும்போது தட்டின் எடை குறைவாகத் தெரியும். இல்லாத ஈரத்தை இருப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். அதை நம்பித்தான் அந்த மனுஷன் சூட்டைக் கூட்டியிருக்கிறார்.

அரைமணி ஆறவேண்டும் என்பது விதி. போன மாதம் பதினொரு மணிக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று மேனேஜர் அவசரப்படுத்தியபோது, தட்டை விரலால் தொட்டுப் பார்த்து, 'சுடலையே, போதும்' என்று அவளே ஐந்து நிமிஷமாக்கினாள். உப்பை நிறுத்துப் போடுகிறவள் சூட்டுக்கு விரலை நம்பியிருக்கிறாள்.

நாளையிலிருந்து அரைமணி காத்திருந்தால் போதும். பிஸ்கட் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்ததற்காகவே வெட்கப்பட்டு, ஜாடியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நோட்டை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் ஏத்துக்கிட்டா, அவர்மேல இருக்கிற பழி உங்கமேல வந்துடும்மா."

"வரட்டும் சார். தப்பு இங்கதானே இருக்கு."

"இனிமே ஒழுங்கா அளந்தாப் போதாதா?"

"அவர் வேலை இன்னிக்குப் போகுதே சார்!" அவள் நோட்டை அவர் பக்கம் இன்னும் தள்ளிவைத்தாள்.

ஓவன்காரருக்கு வேலை நிலைத்தது. மூன்று மாதத்துக்கு ரிப்போர்ட்டில் தராசக்கா கையெழுத்துப் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. பதினாறு வருஷக் கையெழுத்து. அன்று வீட்டில் குழம்பில் உப்பு கூடிப்போனது. புருஷன் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார்.

பரிசோதனை நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பின்மேல் ஒரே ஒரு கோடு. கீழே தப்பு படிக்கும்படி இருக்கவேண்டும். திங்கட்கிழமை ஓவன்காரர் அன்றைய பிஸ்கட் தட்டைத் தானே கொண்டுவந்தபோது நோட்டு திறந்திருந்தது. 'ஓவன்' என்ற பதினேழு இடத்திலும் கோடு. பக்கத்தில் 'நான் ஆறவிடவில்லை' என்று பதினேழு தடவை.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அந்த மனுஷன் கடைசிக் கோடு வரைக்கும் படித்தார். பிறகு கண்ணாடி ஜாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிடுச்சே அக்கா?"

"விரலைக் கேக்காதீங்க," என்றாள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் பதினொரு நிமிஷம்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.