சித்தி கொண்டுவந்த மலைக்கிழங்கு

சித்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவளுடைய தகரப் பெட்டியில் பழைய துண்டில் சுற்றிய ஒரு கிழங்கும் வந்தது. இஞ்சி என்று நினைத்து அம்மா அதை அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டாள். சித்தி பின்னாலேயே ஓடி, “அக்கா, அது பூங்கிழங்கு” என்று வாங்கிக்கொண்டாள். புகுந்த வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சே அதுதான் என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

சித்திக்குக் கொடைக்கானல். அவளுடைய அப்பா அங்கே ஒரு துரை பங்களாவில் கணக்குப்பிள்ளை. எங்கள் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். ஐப்பசியில்கூட விசிறியைக் கீழே வைக்காத வீடு அது. மலையில் பிறந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! மத்தியானங்களில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கொல்லையில் நட்ட கிழங்கின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எட்டு வயசுக்காரியான நானும் உட்கார்ந்திருப்பேன். அது என்ன பூ, எப்படிப் பூக்கும் என்று நான் கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்துவிடும்.

செடி வாள் வாளாக இலை விட்டது. பூ மட்டும் விடவில்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். அம்மா தினமும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். அப்பா கூடை கூடையாகச் சாணி எரு கொட்டி மண்ணை அணைத்தார். மலைச்செடி மதுரை வெயிலைத் தாங்காது என்று சித்தப்பா நாலு கம்பு நட்டு, தென்னங்கீற்றில் பந்தலே போட்டார். நான் என் பங்குக்குப் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு செம்பு, வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் விட்டேன். இலை என் இடுப்பு உயரம் வளர்ந்தது.

மாசி மாதம் ஒரு நாள் அப்பா செடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “ஆடி பொறக்கட்டும். அதுக்குள்ள பூக்கலேன்னா இந்த எடத்துல வாழை வச்சுருவேன். எலையாவது சாப்பிட ஆகும்” என்றார். அடுப்படியில் சித்தி அன்று புகையைச் சாக்கு வைத்து நெடுநேரம் கண்ணைத் துடைத்தாள். சித்தப்பா இலையில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மில் வேலை முடிந்ததும், திருமங்கலத்தில் ஒரு சிநேகிதனைப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா கிளம்பிப் போனார். ஞாயிறு சாயங்காலம் முகம் வெளிறி, வாந்தி பட்ட சட்டையோடு திரும்பினார். “திருமங்கலத்துல என்னத்தத் தின்னீக தம்பி?” என்று அம்மா சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் பல் விளக்கக் கொல்லைக்குப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். பந்தல் சரிந்து கிடந்தது. சித்தப்பா மண்டியிட்டு, இரண்டு கையாலும் செடியைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா செடியப் புடுங்குறாரு!” என்று நான் போட்ட கூச்சலில் வீடே திரண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலும் இரண்டு தலை தெரிந்தது. அப்பா பல்குச்சியை வாயிலிருந்து எடுக்கவில்லை. சித்தி கொல்லை வாசல்படியிலேயே நின்றாள்.

“என்னடா இது?” என்றார் அப்பா.

“புடுங்கலண்ணே. மேல தூக்கி நடுறேன். நாம ரொம்ப ஆழத்துல பொதச்சிருக்கோம். கெழங்கோட முதுகுல வெயில் படணுமாம். எருவும் இம்புட்டு ஆகாதாம். பந்தலே கூடாதாம்.”

“யார் சொன்னா?”

சித்தப்பா மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். “கொடைக்கானல்ல மாமா சொன்னாக.”

“திருமங்கலம்னுல்ல சொல்லிட்டுப் போனீக!” என்றாள் அம்மா.

அவர் செடியை நிமிர்த்திப் பிடித்து நட்டார். பஸ்ஸில் நாலு தெரு தாண்டினாலே குடலைப் பிடித்துக்கொள்கிற மனிதர், அத்தனை மலை வளைவுகளிலும் ஏறி இறங்கியிருக்கிறார். அப்போது சித்தி, பெரியவர்கள் நிற்பதையும் மறந்து, “அம்புட்டு தூரம் இதுக்காகவா போனீக?” என்று அவரைப் பார்த்து நேராகவே கேட்டாள். கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, உள்ளே ஓடியும் சிரித்தாள். ஒரு மொட்டுகூட இல்லாத செடியைப் பார்த்து என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபமாக வந்தது.

அதன் பிறகு செடியை வெயிலிடம் விட்டுவிட்டோம். நான் செம்பைத் தொட்டால்கூடச் சித்தப்பா முறைப்பார். ஆனி கடைசியில் இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு எழுந்தது. ஒரு காலையில் சித்தி என்னை உலுக்கி எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள். செம்மஞ்சள் நிறத்தில் ஆறு இதழ்; இதழ் முழுக்கக் குங்குமம் தெறித்த மாதிரிப் புள்ளிகள். நாங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கொல்லையில் குதித்தோம். அப்பா தெருக்காரர்களையெல்லாம் அழைத்துவந்து, “எல்லாம் நான் போட்ட எரு” என்று காட்டினார். சாயங்காலம் பூ, பிழிந்த துணி போல் முறுக்கிக்கொண்டதும் நான் அழுதேன். காலையில் பக்கத்து மொட்டு விரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலை ஆடிக்கு மகளை அழைத்துப் போகச் சித்தியின் அப்பா வந்தார். எந்நேரமும் ஊர் நினைப்பாக இருந்தவள், “இன்னும் ரெண்டு மொட்டு இருக்குப்பா, பாத்துட்டு வாரேன்” என்றாள்.

“நம்ம வீட்டுச் சுவரோரம் பூராம் இதுதானே தாயி பூத்துக் கெடக்கு?” என்றார் அவர். ஆனாலும் இரண்டு நாள் தங்கினார். மொட்டுகள் விரிந்தன, தண்டில் இன்னும் இரண்டு தெரிந்தன. சித்தி மறுபடி நாளைக் கடத்தப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஜட்கா வாசலில் வந்து நின்றுவிட்டது.

வண்டியில் ஏறியவள் உட்காராமல் வீட்டையே பார்த்தாள். அவள் கவலை எனக்குப் புரிந்துவிட்டது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, “நீ தைரியமாப் போ சித்தி! ஆவணி பொறக்குற வரைக்கும் பூவ நான் பாத்துக்கறேன்!” என்று கத்தினேன்.

“பூவ நீ பாத்துக்குவ. ஒஞ் சித்தப்பாவ யாருடி பாத்துக்குறது?” என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள், ஜட்காக்காரர்கூடச் சிரித்தார். சித்தி சட்டென்று குனிந்து உட்கார்ந்துகொண்டாள். சித்தப்பா குதிரைக்குப் பக்கத்தில் போய், நன்றாக இருந்த சேணத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் யோசித்தேன். இவ்வளவு பெரிய ஆளை எதற்கு ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டும்?